சமநிலமும் இரண்டு பந்துகளும்

மலைநாட்டிலே கிடைத்தற்கரிய பொருள் யாது என்று ஒருவர் வினவின், நம்மிற் பலர் சற்றுத் திகைப்போம். தேயிலை அங்கே அரிதன்று. மழையும் பனியும் அரியன அல்ல. அருவிகளைச் சொல்லவே வேண்டா. அங்கே கிடைத்தற்கரியது சமநிலம். அட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா என எப்பக்கம் திரும்பினும் நிலம் ஒன்றில் ஏறும், அன்றி இறங்கும். ஆதலின் அச்சீமையில் பந்தாட்டம் பற்றிப் பேசப் புகுவோர் பந்தைப் பற்றிப் பேசுமுன் நிலத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

பேசவேண்டிய காரணம் உண்டு. றகர் என்று நம் நாட்டார் வழங்கும் முட்டைப் பந்தாட்டத்தின் ரசிகர்களுக்கும், உதைபந்தாட்ட ரசிகர்களுக்கும் இடையே மலைநாட்டில் நெடுங்காலமாக ஒரு பூசல் உண்டு. கைகலப்பன்று, நாக்கலப்பு. புகையிரத மேடையிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் தேநீர்க் கடையிலும் நிகழ்வது. "உங்கள் ஆட்டம் காட்டுமிராண்டிகளின் ஆட்டம்" என்பார் ஒருவர். "உங்கள் ஆட்டத்தில் ஒருவன் காற்றுப் பட்டாலே விழுந்து புரள்கிறானே" என்பார் மற்றவர். மேலோட்டமாகக் கேட்போர் இதனைச் சுவை வேற்றுமை என்று எண்ணிச் சிரித்துவிட்டுப் போவர். சுவை வேற்றுமையாக இருந்தால் ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் நின்றிருக்க வேண்டும். மலைநாட்டில் அவ்வாறு நிகழ்ந்தது மிகக் குறைவு. யார் எந்தப் பக்கம் என்பது, அவர் பாட்டனார் பங்களாவில் வாழ்ந்தாரா, லயத்தில் வாழ்ந்தாரா என்பதைக் கொண்டே பெரும்பாலும் முடிவாயிற்று.

அட்டனிலிருந்து டிக்கோயாப் பக்கம் செல்வோர் தரவளையில் ஒரு மைதானத்தைக் காண்பர். சுற்றிலும் தேயிலை மலைகள் எழுந்து நிற்க, நடுவே பச்சைப் பாயை விரித்தாற்போலப் பரந்து கிடப்பது. டிக்கோயா மஸ்கெலியாத் துரைமாரின் கழகத்துக்கு உரியது. நானுஓயாவுக்கு அண்மையில் ரதெல்லையில் இதனை ஒத்த இன்னொன்று உண்டு. அது டிம்புலப் பகுதித் துரைமாரின் கழகத்துக்கு உரியது. இரண்டும் ஆங்கிலேயர் காலத்தன. இவற்றின் அழகைப் பாடாத பயணிகள் இலர். ஆயினும் மலையிலே இத்தகைய சமநிலம் தானாக அமைவதில்லை. மண்ணை வெட்டி, மேட்டைத் தள்ளி, பள்ளத்தை நிரப்பி, வடிகால் இட்டு, புல் பதித்து, உருளை இழுத்து ஆக்குவது. அந்த மண்வெட்டி எவர் கையில் இருந்திருக்கும் என்பதை வாசகர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். றகர் மைதானம் நூறு மீற்றர் நீளமும் எழுபது மீற்றர் அகலமும் உடையது. இரு முனையிலும் பந்தை ஊன்றுவதற்குரிய கூடுதல் இடம் வேறு. அவ்விடத்தை விட்டாலும் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் ஏக்கர் ஆகிறது. இக்காலத் தேயிலை நடவில் ஏக்கருக்கு ஏறத்தாழ 5,000 செடிகள் வைக்கலாம். ஆகவே ஒரு மைதானம் என்பது எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட தேயிலைச் செடிகளின் இடம். தேயிலை ஒவ்வொன்றையும் எண்ணிக் காசாக்கிய கம்பனிகள் அத்தனை செடிகளின் இடத்தைப் புல்லுக்கு விட்டுக்கொடுத்தன என்றால், அந்த ஆட்டம் அவற்றின் அதிகாரிகளுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பது விளங்கும். நுவரெலியா நகரிலும் இதுவே கதை. அங்கே இயற்கை தந்த சிறு சமவெளியைக் குதிரைப் பந்தயத் திடலும் கோல்ப் மைதானமும் ஏரியும் 19ஆம் நூற்றாண்டு முடியுமுன்னரே பங்கிட்டுக்கொண்டன.

இனி, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளான இவ்விரண்டு ஆட்டங்களும் எப்படிப் பிரிந்தன என்பதைச் சுருங்கச் சொல்வேன். 1863ஆம் ஆண்டில் இலண்டனில் சில கழகத்தார் கூடி உதைபந்துக்குப் பொதுவிதி வகுக்க முனைந்தபோது, பந்தைக் கையில் ஏந்தி ஓடலாமா, எதிரியின் முழங்காலுக்குக் கீழே உதைத்து வீழ்த்தலாமா என்பதில் பிணக்கு உண்டாயிற்று. ஏந்தி ஓட வேண்டும் என்றோர் வெளியேறினர். 1871இல் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். பின்னர் அச்சங்கமும் பிளந்தது. வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி போயிற்று. அந்த இழப்புக்கு ஆறு ஷில்லிங் ஈடு தரலாம் என்று வடபகுதிக் கழகங்கள் கேட்டன. விளையாட்டுக்குக் காசு வாங்குவது கனவான்களுக்கு அழகன்று எனத் தென்பகுதியார் மறுத்தனர். 1895ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஹடர்ஸ்பீல்டு நகர விடுதியொன்றில் இருபதுக்கு மேற்பட்ட கழகங்கள் கூடித் தனிச் சங்கம் அமைத்தன. அதுவே றக்பி லீக் என்று பின்னர் பெயர் பெற்றது. 1906இல் ஆட்டக்காரர் தொகையைப் பதினைந்திலிருந்து பதின்மூன்றாகக் குறைத்துக்கொண்டது.

இங்கே ஒரு வேடிக்கை. வட இங்கிலாந்தின் விகன் நகரில் அந்த முட்டைப் பந்து நிலக்கரி வெட்டுவோனின் உடைமை. நம் மலைநாட்டிலோ அதே பந்து, வேலை வாங்குவோனின் உடைமை. அங்கே கூலியை இழக்க மாட்டேன் என்றவன் ஆடியது. இங்கே கூலியை நிர்ணயித்தவன் ஆடியது. ஆட்டத்திற் பிறப்பிலேயே உயர்வு தாழ்வு உண்டு என்று வாதிப்போர் இவ்விரு ஊர்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தல் நன்று.

நம் தீவில் 1879இல் கொழும்பில் ஒரு கழகம் தோன்றியது. அதன் பெயர் உதைபந்துக் கழகம், ஆடியதோ றகர். இப்பெயர்க் குழப்பம் இன்றுவரை தீரவில்லை. 1922இல் தோன்றிய புகழ்பெற்ற இலங்கையர் கழகம் இன்றும் தன் பெயரில் றகரையும் உதைபந்தையும் சேர்த்தே சுமக்கிறது. உதைபந்து ரசிகர்கள் இதனைச் சுட்டிக்காட்டி, "பெயரைக்கூட எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள்" என்று நகைப்பதுண்டு. 1908இல் இலங்கை றகர் சங்கம் நிறுவப்பட்டது. அதற்கு முன்னரே மலைப்பாதைப் புகையிரதம் 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிவிட்டது. கொழுந்துப் பெட்டிகளைக் கீழே இறக்கிய அதே பாதை, ஆட்டக்காரரை மேலே ஏற்றிற்று. தென்மேற்குப் பருவமழையில் மலை நனைந்து மண் இளகும். விழுந்தாலும் எலும்பு முறியாது. அதுவே றகர்க் காலம். வாரம் முழுவதும் தனித் தனி மலையில் தனி அரசு செலுத்திய துரைமார், வார முடிவில் ஓரிடத்தில் கூடுவதற்கு அக்கழகங்கள் அன்றி வேறு வாயில் இருக்கவில்லை. கிளிஃபர்ட் பெயரால் வழங்கும் கிண்ணத்துக்காக டிம்புலவும் டிக்கோயாவும் ஊவாவும் கொழும்புக் கழகங்களோடு பல பருவங்கள் மோதின.

சின்னத்துரை வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞன் றகர் ஆடியவன் என்றால் அது ஒரு தகுதியாகவே மதிக்கப்பட்டது என்பது மலைநாட்டில் அனைவரும் அறிந்த செய்தி. தேயிலையின் இயல்பை எவனும் ஓராண்டில் கற்கலாம். தோளால் முட்டி வழி உண்டாக்கும் துணிவைக் கற்பிக்க இயலாது என்பது அவர்கள் எண்ணம் போலும். தொழிலாளி இதில் எங்கே நின்றான்? வேலிக்கு வெளியே, மலைச் சரிவில். அங்கிருந்து பார்த்தால் ஆட்டம் நன்கு தெரியும். விதி மட்டும் விளங்காது. பந்தை முன்னே எறியலாகாது, பின்னேதான் எறிய வேண்டும், ஆயினும் முன்னேதான் செல்ல வேண்டும் என்னும் விதி யாருக்கும் முதற் பார்வையில் விளங்குவதன்று.

கண்டி இதற்கு வேறு வழி வகுத்தது. 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய பிளேஸ் என்பார் பள்ளிப் பிள்ளைகளுக்கு றகரை அறிமுகம் செய்தார். 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் போகம்பரையில் ஆடியதே இந்நாட்டின் முதற் பாடசாலைப் போட்டி. 1945இல் கொழும்பு றோயல் கல்லூரிக்கும் திரித்துவத்துக்கும் இடையே பிரட்பிக் கேடயம் தொடங்கிற்று. இவ்வழியே சிங்களரும் பறங்கியரும் தமிழரும் முஸ்லிம்களுமாகிய வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அந்த ஆட்டத்தைத் தமதாக்கினர். வெள்ளையர் ஆட்டம் என்ற சொல் அதனோடு பொருந்தாதொழிந்தது. ஆனால் பொருந்தாது போனது நிறம் மட்டுமே. வேலி அப்படியே நின்றது. நுழைவுக் கட்டணமும் பாதணியும் விடுதிச் சாப்பாடும் உள்ள கல்லூரியில் பயின்றவன் வேலிக்கு உள்ளே. தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் வெளியே.

உதைபந்து தோட்டத்துக்குள் வந்த வழி எளியது. அதற்குச் சமநிலம் குறைந்தாலும் போதும். தோட்டத்தில் சமநிலம் என்று சொல்லத்தக்கது ஒன்றே: பிரட்டுக்களம். விடியலில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்த முற்றத்தில், மாலையில் இரு மூங்கிலை நட்டால் கோல் கம்பம். பதினொருவர் இல்லையேல் எழுவர். எழுவர் இல்லையேல் ஐவர். தோற்பந்து இல்லையேல் கந்தைத் துணியைச் சணலால் இறுகக் கட்டிய பந்து. பாதணி இல்லையேல் வெறுங்கால். கொழுந்து மலையில் அட்டைக்கும் கல்லுக்கும் பழகிய காலுக்கு அது குறையன்று. பெரிய போட்டி என்றால் அட்டன் டன்பார் மைதானத்தில் கூட்டம் நெரியும். தோட்டத்துக்குத் தோட்டம் அணி, அணிக்கு அணி பகை, அப்பகையிலும் உறவு. தரவளை வேலிக்கு வெளியே வாய் மூடி நின்றவன், இங்கே மத்தியஸ்தரையே அதட்டினான். ரசிகன் என்னும் தகுதியை அவனுக்கு முதலில் அளித்தது உதைபந்தே.

புலவர் சிலர், பழந்தமிழில் பந்தாட்டம் இல்லையா என்று கேட்பர். உண்டு. சிலப்பதிகாரத்து வாழ்த்துக்காதையில் கந்துகவரி உண்டு. பெருங்கதையில் பந்தடி கண்டது என ஒரு பகுதியே உண்டு. ஆயின் அங்கெல்லாம் பந்து மகளிர் கைக்குரியது, காலுக்கு உரியதன்று. ஆடவர் வீர விளையாட்டைத் தேடின் முல்லைக்கலியின் ஏறு தழுவுதலுக்குத்தான் போக வேண்டும். பாய்ந்து வரும் ஒன்றைத் தோளால் தடுத்து இறுகப் பற்றி வீழ்த்துதல் என்ற அளவில் அது றகருக்கே நெருங்கிய உறவு. இவ்வொப்புமையை நான் ஒருமுறை வகுப்பிற் சொன்னபோது, பின் வரிசை மாணவன் ஒருவன், "அப்போ ஐயா, மாடு எந்தப் பக்கத்து ஆள்?" என்று கேட்டான். விடை கூறாமற் பாடத்தைத் தொடர்ந்தேன்.

இனிச் சொல்லப்போவது வேதனைக்குரியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இன் உடன்பாடு இரு நாட்டுக்கும் சமமாகப் பிரித்தது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் செல்லும் கப்பலில் குடும்பங்கள் ஏறின. ஒப்பந்தம் எண்களைப் பிரித்தது. அணிகளைப் பிரித்ததை எவரும் எழுதவில்லை. என் சிறுபிராயத்தில் எங்கள் தோட்டத்து அணிக்குப் பந்துக் காப்பாளராக நின்றவர் ஒரு வியாழக்கிழமை மாலை ஆடினார், ஞாயிறன்று இல்லை. மண்டபம் முகாமுக்குப் போய்விட்டார் என்றனர். அதன்பின் வலப் பக்கத்து ஆட்டக்காரர். அதன்பின் அணித் தலைவரின் மைத்துனர். அணி பதினொன்றிலிருந்து எட்டாகி, எட்டிலிருந்து, பக்கத்துத் தோட்டத்து எஞ்சியவரோடு சேர்ந்து ஒன்றாயிற்று. பகையாளியாய் இருந்தவனோடு ஒரே சட்டை அணிந்து ஆட வேண்டியதாயிற்று. அக்காலத்தில் மலைநாட்டின் எத்தனையோ தோட்டங்களில் இது நடந்திருக்கும்.

அதே காலத்தில் வேலிக்கு உள்ளேயும் வெறுமை புகுந்தது. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. எஞ்சியிருந்த ஆங்கிலத் துரைமார் நாடு திரும்பினர். அவர்கள் இடத்தில் வந்த இலங்கைத் துரைமார் சில காலம் கழகங்களைத் தாங்கினர். ஆயினும் பழைய தொகையும் பழைய ஓய்வும் மீளவில்லை. கிளிஃபர்ட் கிண்ணத்துக்கு ஆடிய மலைக் கழகங்கள் முன்னணியிலிருந்து மெல்ல மறைந்தன. கண்டி ஒன்றே நிமிர்ந்து நின்று, 1990களிலிருந்து நாட்டின் முதன்மைக் கழகமாக உயர்ந்தது. ஆக, எண்பது ஆண்டுகளாக ஒருவரையொருவர் வேலியின் இரு பக்கத்திலிருந்து பார்த்து நின்ற இரண்டு ஆட்டங்களும் ஒரே பத்தாண்டில் ஆளிழந்தன. ஒரு சாரார் மேற்கே போயினர். மறு சாரார் வடக்கே போயினர். போன விதத்தில் உள்ள வேற்றுமையை நான் மறக்கவில்லை. மேற்கே போனவர்க்கு ஓய்வூதியம் இருந்தது. வடக்கே போனவர்க்கு முகாம் இருந்தது.

எனினும் பூசல் நின்றதா? நிற்கவில்லை. ஆசிரியர் ஓய்வறையில் நான் பலமுறை கேட்ட உரையாடலைச் சுருக்கித் தருகிறேன். கண்டிக் கல்லூரியொன்றின் பழைய மாணவர் ஒருவர். அட்டனில் பிறந்த உதைபந்து ரசிகர் ஒருவர்.

"மாஸ்டர், 1950இல் பிரித்தானியச் சிங்கங்கள் என்னும் பெரும் அணி ஊர் திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி நம்மவரோடு ஆடியது. உங்கள் ஆட்டத்தில் அப்படி யார் வந்தார்?"

"வந்து என்ன மாஸ்டர், தோற்றுத்தானே போனீர்கள்! 1995இல் தெற்காசியக் கிண்ணத்தை இந்தியாவை வென்று எடுத்தது எங்கள் ஆட்டம்."

"அதற்குப் பிறகு?"

இந்த "அதற்குப் பிறகு" என்னும் வினாவின் முன் உதைபந்து ரசிகர் வழக்கமாகத் தேநீரைக் கையில் எடுத்துக்கொள்வார். காரணம் உண்டு. உலகத் தர வரிசையில் இலங்கை இருநூறாம் இடத்துக்கும் கீழே இறங்கியது எல்லோரும் அறிந்தது. கொழும்பின் தோட்டக் குடியிருப்புகள், மன்னார், யாழ்ப்பாணம், மலைநாடு என ஏழைகள் வாழும் இடங்களிலெல்லாம் உதைபந்து வாழ்கிறது. ஆனால் பணமும் பத்திரிகைப் படமும் பழைய மாணவர் சங்கமும் றகர் பக்கமே நிற்கின்றன. பிரட்பிக் கேடயத்தின் நாளில் கண்டி நகரம் கொள்ளும் கோலத்தில் பத்திலொன்றை எந்தத் தோட்டக் கிண்ணமும் கண்டதில்லை. ஆயினும் ஒன்றில் இருவரும் சமமாயினர். 2023ஆம் ஆண்டில் உலக உதைபந்துச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. அதே ஆண்டில் உலக றகர் அமைப்பும் இடைநிறுத்தியது. இரண்டுக்கும் நிர்வாகக் கோளாறே காரணம். ஓய்வறையில் அந்த ஆண்டு மட்டும் அமைதி நிலவியது.

மூன்றாவது ஒருவனும் இடையே வந்து புகுந்தான். 1996இல் உலகக் கிண்ணம் வென்றபின் கிரிக்கெட்டு மலையின் ஒவ்வொரு லயத்தின் முற்றத்துக்கும் வந்தது. ஒரு பலகைத் துண்டும் ஒரு ரப்பர்ப் பந்தும் இருந்தால் படிக்கட்டிலும் ஆடலாம். உதைபந்து பிரட்டுக்களத்தை எந்த நியாயத்தால் வென்றதோ, அதே நியாயத்தால் கிரிக்கெட்டு உதைபந்தை வென்றது. இதில் முறையிட உதைபந்து ரசிகர்க்கு இடமில்லை என்பேன்.

இனி வட இங்கிலாந்துக்கு மீண்டும் ஒரு கணம் திரும்புவோம். விகன் நகரில் றக்பிக் கழகம் 1872இல் பிறந்தது. உதைபந்துக் கழகம் 1932இல்தான் பிறந்தது. 1978இல்தான் பெருஞ் சங்கத்துள் அனுமதி பெற்றது. ஆதலின் அவ்வூர் றக்பி ரசிகர் உதைபந்தாரை வந்தேறிகளாகவே நோக்குவர். 1999 முதல் இரு கழகமும் ஒரே அரங்கில் ஆடுகின்றன. பூசல் அங்கே எதன்மேல் எழுந்தது என்று நினைக்கிறீர்கள்? புல்லின்மேல்! றக்பி ஆடியதும் தரை உழுத வயலாகிறது, மறுநாள் எங்கள் பந்து நேராக உருளவில்லை என்று உதைபந்தார் முறையிட்டனர். எங்கள் ஊரில் நேற்று வந்தவர் எங்கள் தரையைப் பற்றிப் பேசுவதா என்று மற்றவர் சினந்தனர். அப்படியே சண்டையிட்டுக்கொண்டு, 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் உதைபந்துக் கழகம் இங்கிலாந்துச் சங்கக் கிண்ணத்தையும், ஆகஸ்டு மாதத்தில் றக்பிக் கழகம் தன் பெருங்கிண்ணத்தையும் வென்றன. ஒரே தரை, இரண்டு கிண்ணம். ஹல் நகரிலும் 2002 முதல் உதைபந்துக் கழகமும் இரு றக்பிக் கழகங்களுள் ஒன்றும் ஒரே அரங்கைப் பகிர்ந்துகொள்கின்றன.

அவர்கள் சண்டையைக் கண்டு எனக்குப் பொறாமை உண்டு. புல்லைப் பற்றிச் சண்டையிட வேண்டுமானால் இருவரும் அப்புல்லின்மேல் நின்றிருக்க வேண்டும். மலைநாட்டு ரசிகர்கள் நூறாண்டாக ஒருவரையொருவர் ஏசினார்கள். ஆனால் ஒருவர் தரையில் மற்றவர் கால் வைத்ததில்லை. ஆகவே எங்கள் பூசல் முதிரவும் இல்லை, தீரவும் இல்லை. றகர் காட்டுமிராண்டி ஆட்டம் என்று சொல்லும் என் அட்டன் நண்பர் அந்தப் பந்தைக் கையால் தொட்டதில்லை. உதைபந்து எளியோர் ஆட்டம் என்று சொல்லும் கண்டி நண்பர், வெறுங்காலோடு பிரட்டுக்களத்துச் சரளைக் கல்லில் ஒருநாள் ஓடிப் பார்த்ததில்லை. இருவரையும் அவரவர் இடத்தில் நிறுத்தி ஒருநாள் ஆடச் செய்தால், ஓய்வறை வாதத்தில் பாதி குறையும் என்பது என் எண்ணம். மீதிப் பாதி இருக்கட்டும். அதுவும் இல்லாவிடில் ஓய்வறையில் சம்பளம் பற்றியே பேச வேண்டிவரும்.

றகரை நான் இழித்துரைக்கிறேன் என்று எவரும் கொள்ளற்க. பதினைந்து பேரில் பருத்தவன், மெலிந்தவன், நெட்டையன், குட்டையன் ஒவ்வொருவனுக்கும் தனித் தொழில் வகுத்துத் தரும் ஆட்டம் வேறு இல்லை. முன்னே செல்ல வேண்டுமாயின் பின்னால் நிற்பவனை நம்ப வேண்டும் என்பது அதன் உயிர்நிலை. ஐம்பது கிலோ உர மூட்டையைத் தோளில் ஏற்றி மலை ஏறுவோரின் பேரப்பிள்ளைகளுக்கு அத்தோளும் அக்காலும் மரபு வழி வந்தவை. அவர்களுள் எத்தனை பேர் அந்தப் பந்தைக் காணாமலே முதுமையடைந்தனர் என்பதே என் குறை.

1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. கட்டடங்கள் எழுந்தன, ஆசிரியர் வந்தனர், பல்கலைக்கழகம் வரை பிள்ளைகள் சென்றனர். இவை சிறிய வெற்றிகள் அல்ல. ஆயினும் பல பாடசாலைகளில் விளையாட்டுப் பாடவேளை என்பது இன்றும் ஏட்டளவில்தான். மைதானம் எனக் குறிக்கப்பட்ட இடம் சரிவாக இருக்கும்; மழை பெய்தால் பாதி கீழே போய்விடும். 1992இல் தோட்ட முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றபின், பாடசாலைக்கு ஒரு ஏக்கர் கேட்டு எழுதும் கடிதம் கல்வித் திணைக்களத்துக்கும் கம்பனிக்கும் பிரதேச சபைக்கும் இடையே நடந்து நடந்து களைத்துவிடுகிறது. பழைய கழக மைதானங்களோ இன்றும் சமமாக, பச்சையாக, பெரும்பாலான மாலைகளில் ஆளின்றிக் கிடக்கின்றன. பாடசாலைப் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு மாலை அவ்விடத்தைத் திறந்துவிட்டால் எந்தப் புல்லும் பட்டுப்போகாது. முதல் மாலை உதைபந்து, இரண்டாம் மாலை றகர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆசிரிய சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் மேடையில் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்ளும் நேரத்தில் கால் பங்கை இதற்குச் செலவிட்டால் நடக்கக்கூடியதே.

இப்போதைக்கு, டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் பிரட்டுக்களத்தில் மூங்கிலை நடுகிறார்கள். கீழ்ப்பக்கக் கோலைக் காப்பவனுக்கு இரண்டு வேலை: பந்தைத் தடுத்தல் ஒன்று, தடுக்கத் தவறினால் ஓடைவரை இறங்கி அதனை எடுத்து வருதல் மற்றொன்று. அவன் ஏறி வரும்வரை இரு அணியும் குந்தியிருக்கும். இருட்டியதும் மூங்கிலைப் பிடுங்கி லயத்துக் கூரையின் கீழே செருகிவிட வேண்டும். காலையில் அவ்விடத்தில் பெயர் கூப்பிடுவார்கள்.